டைல்ஸ் பதித்த குளம்

திறப்பு விழா என்று நான்தான் சொன்னேன். மற்ற யாரும் அப்படிச் சொல்லவில்லை. என் கடையில் விற்காமல் தூங்கிக்கொண்டிருந்த பெரிய ஷவர் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, புதுக் குளத்தின் நடுவில் நீரூற்றாக மாட்டியிருந்தேன். கீழே வைத்தது மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்ப். "இவ்ளோ பெருசு எதுக்கு முதலாளி?" என்று பிளம்பர் கேட்டார். "இதுல போய்க் கஞ்சத்தனம் பண்ணலாமா?" என்று சொல்லி சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீர் குளத்தில் விழவில்லை. நேராக மேலே போனது, கொஞ்சம் யோசித்தது, பிறகு காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி வளைந்து பக்கத்து வீட்டில் இறங்கியது. அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்த மச்சினியின் நர்ஸ் யூனிஃபார்ம்கள் மொத்தமும் நனைந்தன. கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்த என் சகலையும் நனைந்தான். பதறிப்போய் நான் அணைத்தது குளத்து விளக்கின் சுவிட்சை. பம்ப் தன் கடமையைச் செய்துகொண்டே இருந்தது.

"சகலை, மழையா இது?" என்று சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "நல்லாத்தான் இருக்கு. நிறுத்திடாதீங்க."

அப்போதுதான் கேட்டது. முதலில் ஒற்றைத் தவளை, தொண்டையைக் கனைத்துப் பார்க்கிற மாதிரி. அடுத்து இன்னொன்று. பிறகு சகலை வீட்டுக் குளம் முழுக்க ஒரே கச்சேரி. மழை வந்துவிட்டது என்று நம்பிவிட்டன, பாவம். கரண்ட் என்னுடையது, தண்ணீர் என்னுடையது, பம்ப் என்னுடையது. தவளை மட்டும் அவனுடையது.

என் மனைவி கை தட்டினாள். எனக்குத்தான் என்று நினைத்துப் பெருமையாகத் திரும்பினேன். அவள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதவு என் மாமனார் வைத்தது. ஒரே மனையை இரண்டாகப் பிரித்து, பெரிய மகளுக்கு ஒன்று, சின்ன மகளுக்கு ஒன்று என்று கொடுத்தவர், அக்கா தங்கை போகவர இருக்கட்டும் என்று சுவரில் ஒரு கதவையும் வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தாழ்ப்பாள் வைக்கவில்லை. அந்த ஒரு குறைக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஆபரேட்டர். "நாள் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வரேன் சகலை, சாயந்திரமாவது ஒரே இடத்துல இருக்கேனே" என்பான். இருப்பான். அவனைப் போல் ஒரே இடத்தில் இருக்க யாராலும் முடியாது. நிலத்தடித் தொட்டிக்கென்று ஒரு பள்ளம் தோண்டினான். வேலையை எடுத்த ஆள் பாதியில் காணாமல் போனான். இன்னொரு ஆளைத் தேடச் சோம்பல், பள்ளத்தை மூடவும் சோம்பல். ஒரு பழைய தார்பாயை உள்ளே விரித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான். மழை பெய்து நிரம்பியது. ஒரு பக்கம் மண் சரிந்து சரிவாகிவிட்டது. அதையும் சரிசெய்யவில்லை. சுற்றிலும் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது, வெட்டவில்லை. எங்கிருந்தோ ஒரு பட்ட கிளை வந்து விழுந்து பாதி தண்ணீரில் கிடந்தது, எடுக்கவில்லை. அவ்வளவுதான் அவன் செய்தது. அதாவது, எதையும் செய்யவில்லை.

ஒன்றும் செய்யாத அந்தக் குளத்துக்குத்தான் தவளை வந்தது. தட்டான் வந்தது. மீன்கொத்தி வந்தது. கடைசியாக என் மனைவி போனாள்.

தினமும் சாயந்திரம் போவாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வருவாள், முகம் கழுவின மாதிரி ஒரு தெளிவோடு. "இன்னிக்கு மீன்கொத்தி நாலு தடவ முங்கிச்சு. நாலாவது தடவதான் எதோ மாட்டிச்சு. என்ன கெத்தா போச்சு தெரியுமா!" என்பாள். நான் கடையில் அன்றைக்கு ஒரு ஹோட்டலுக்கே பாத்ரூம் ஐட்டம் மொத்தமும் விற்றுவிட்டு வந்திருப்பேன். அதைச் சொன்னால், "அப்படியா, நல்லது" என்பாள்.

"அப்படி என்னதான் பண்றீங்க அங்க?" என்று கேட்டால் ஒரே பதில். "சும்மாதான்."

அதனால்தான் குளம் கட்டினேன். நான் டைல்ஸ், பாத்ரூம் சாமான் கடைக்காரன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் கட்டுவேன். வான நீலத்தில் பளபளவென்று டைல்ஸ், கோடு தெரியாத பூச்சு, நாலு பக்கமும் நூல் பிடித்த மாதிரி நேர்ச்சுவர், தண்ணீருக்கு அடியில் விளக்கு. பக்கத்தில் இரண்டு பேர் உட்காரும் கிரானைட் பெஞ்ச். ஒரு பக்கம் எனக்கு, ஒரு பக்கம் அவளுக்கு. அந்த பெஞ்சுக்காகத்தான் மற்றதெல்லாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பம்பை மாற்றி, சின்னதாக ஒன்று வைத்து, திரும்பவும் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நிஜமா?"

"நிஜமாத்தாங்க."

"விளக்கு கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"இல்ல."

"டைல்ஸ் கலர்? கடல் பச்சை போட்டிருக்கலாமோ?"

"இதே நல்லா இருக்கு."

"அப்ப உக்காரு."

உட்கார்ந்தாள். பெஞ்ச் சில்லென்று இருக்கிறதா, உயரம் சரியா, முதுகுக்கு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து எழுந்து போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன்.

குளத்துக்கும் யாரும் வரவில்லை. ஒரு காக்கா மட்டும் வந்து, எங்கிருந்தோ தூக்கி வந்த காய்ந்த ரொட்டியை நனைத்துத் தின்றுவிட்டுப் போனது. நானே அதற்கு மரியாதை கொடுத்துத் தள்ளி நின்றேன். ஒரு தட்டான் வந்தது. தண்ணீரைத் தொட்டது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, சுவரைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு பூச்சியின் மேல் பொறாமைப்படுகிற வயதா எனக்கு? ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சகலையிடமே கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான். "தவளைய எங்கேர்ந்து கொண்டு வந்தே?"

"நான் எங்க கொண்டு வந்தேன்? அது பாட்டுக்கு வந்துச்சு."

"அது பாட்டுக்கு என் வீட்டுக்கு வரலியே?"

"வரும் சகலை. எங்க போயிடப் போவுது?"

தொழில் ரகசியத்தை மறைக்கிறான் என்று உறுதியாக நம்பினேன். நானும் எந்த கம்பெனியில் சரக்கு எடுக்கிறேன் என்று பக்கத்துக் கடைக்காரனிடம் இப்படித்தான் சிரித்துக்கொண்டே மறைப்பேன்.

பிறகு செய்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. டைல்ஸ் பெட்டிகளைச் சுவரோரம் அடுக்கி, மேலே ஏறி எட்டிப் பார்த்தேன். மச்சினிக்கு சாயந்திர ஷிஃப்ட். அவன் வீட்டில் இருப்பது அவன் ஒருவன்தான். என் மனைவி அங்கே என்ன சிரிக்கிறாள், என்ன பேசுகிறாள்? சந்தேகம் என்று சொல்ல மாட்டேன். சந்தேகம் இல்லாதவன் எதற்குப் பெட்டி மேல் ஏறுகிறான் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சகலை வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கால் கட்டைவிரலில் ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. என் மனைவி கொஞ்சம் தள்ளி, கவிழ்த்த பிளாஸ்டிக் வாளி மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தாள். சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. நான் இறங்கும்வரை அவள் அசையவில்லை.

ஏதாவது நடந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். ஒன்றும் நடக்காததோடு எப்படிச் சண்டை போடுவது? கிரானைட் பெஞ்சை விட்டுவிட்டு வாளி மேல் உட்கார்ந்திருக்கிறாள். அந்த வாளியும் என் கடையில் வாங்கியதுதான். சொந்தக்காரன் என்று தள்ளுபடி வேறு கொடுத்திருந்தேன்.

வழி காட்டியது மச்சினி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குளத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, குளோரின் கலந்துகொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, உங்க குளத்துல ஆபரேஷனே பண்ணலாம். எங்க தியேட்டர்கூட இவ்ளோ சுத்தமா இருக்காது."

"கிண்டலா?"

"பின்ன? கிருமியே உயிரோட இல்லாத இடத்துல தவளை வந்து எதத் தின்னும், உங்க டைல்ஸையா?"

அன்றோடு பிரஷையும் குளோரினையும் தூக்கிப் பரணில் போட்டேன். தண்ணீர் மெல்லக் கலங்கியது, ஓரத்தில் லேசாகப் பாசி பிடித்தது. கடைக்காரனுக்குப் பாசியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். கை நமநமவென்றது. பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனால், என் குளத்தில் ஒரு தவளை.

வாயிலிருந்த நுரையோடு கத்தினேன். மனைவி ஓடி வந்தாள். சுவருக்கு மேல் தலையை நீட்டி அந்தப் பக்கமும் கத்தினேன். "சகலை! என் குளத்துல தவளை! வந்து பாரு!" அவன் துண்டோடு வந்து பார்த்தான். "அட, ஆமா" என்றான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்தது அதுதான் முதல் தடவை. வேலைக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். பொறாமையில்தான் நிற்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா.

"நீச்சலப் பாரு!" என்றேன் மனைவியிடம். "சுத்திச் சுத்தி வருது பாரு, ஒரே குஷி! அங்க இப்படி நீந்த இடம் ஏது?"

அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள். தவளை ஓரத்துக்கு வந்து, ஒரு கையைத் தூக்கி டைல்ஸில் வைத்தது. வழுக்கியது. கொஞ்சம் நகர்ந்து அடுத்த டைல்ஸில் வைத்தது. வழுக்கியது. அடுத்ததில் வைத்தது.

"குஷியெல்லாம் இல்லைங்க" என்றாள். "வெளிய வர வழி தேடுது."

ஈ உட்கார்ந்தாலும் வழுக்கும் என்று சொல்லித்தான் அந்த டைல்ஸை நான் விற்கிறேன். நாலு பக்கமும் நேர்ச்சுவர். எத்தனை நேரமாக இப்படிச் சுற்றுகிறதோ. அதன் வயிறு படபடவென்று அடித்துக்கொள்வது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. நானோ அதுவரை போனில் அதை போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கையால் பிடித்துத் தூக்கப் போனேன். பயந்துபோய் ஆழத்துக்குள் போய்விட்டது. உள்ளே ஓடினேன். பாத்ரூமில் கால் வழுக்காமல் இருக்கப் போடுகிற ரப்பர் மேட், சொரசொரப்பானது, அதை உருவிக்கொண்டு வந்து பாதி தண்ணீரில் தொங்கும்படி விட்டு, மேலே ஒரு செங்கல்லை வைத்தேன். பிறகு தள்ளிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பேசினால் தவளை பயந்துவிடுமோ என்று நான் மூச்சைக்கூட மெல்ல விட்டேன். கடை திறக்கும் நேரம் வந்து, தாண்டிப் போனது. போன் அடித்தது, எடுக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு தட்டான் வந்து ரப்பர் மேட்டின் முனையில் உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வெயில் கால்வரை வந்துவிட்டது.

தவளை மேலே வந்தது. மேட்டில் ஒரு கை, பிறகு இன்னொரு கை. பாதி ஏறி, அங்கேயே உட்கார்ந்து இளைப்பாறியது. பிறகு முழுசாக ஏறி, விளிம்பில் உட்கார்ந்து எங்களை ஒரு பார்வை பார்த்தது. நன்றி சொல்லுமோ என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள்தான். மூன்றே தாவலில் சின்னக் கதவுக்கு அடியில் புகுந்து, சகலை வீட்டுக்குப் போய்விட்டது.

அடக்க முடியவில்லை எனக்கு.

"பாத்தியா? மேட் போட்டது நான், கடைய விட்டுட்டு உக்காந்தது நான். அது போறது அங்க! எல்லாம் அங்கதான் போவுது. தட்டான் போவுது, தவளை போவுது, நீ போற. அப்படி என்னதான் இருக்கு அங்க? சும்மாதான்னு மட்டும் சொல்லாத. உண்மையச் சொல்லு."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உண்மையச் சொன்னா கோவிச்சுக்குவீங்க."

"மாட்டேன்."

"அங்க உக்காந்தா யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டாங்க. இங்க உக்காந்தா விளக்கு எப்படி, டைல்ஸ் எப்படி, பெஞ்ச் எப்படின்னு நீங்க கேட்டுட்டே இருப்பீங்க. நல்லா இருக்குன்னா, நிஜமாவான்னு கேப்பீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து உங்களுக்கு மார்க் போட்டுட்டே இருக்கேங்க. சாயந்திரம் கொஞ்ச நேரமாவது யாருக்கும் மார்க் போடாம இருக்கணும்னுதான் அங்க போறேன். தவளைக்காக இல்ல, அந்தக் குளத்துக்காகவும் இல்ல. இப்ப, அது ஏறி வர்ற வரைக்கும் நீங்க வாயே தொறக்காம உக்காந்திருந்தீங்கல்ல? அப்ப எனக்கு அங்க போகணும்னு தோணவே இல்ல."