சாம்பல் ஊருக்கு ஒரு வரிசை

“எல்லாரும் செத்துப் போயிட்டாங்கன்னா, அந்தக் கை யாரச் சுடப் போவுது மாமா?”

ஈப்போவில், பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீடியோ கேம் கடையில் ஒரு சின்னப் பெண் இப்படிக் கேட்டாள். தன் தாய்மாமன் அர்ச்சுனனின் தோள்மேல் உட்கார்ந்திருந்த அவள் விரல் நீட்டிய இடத்தில், புதிதாக வரப்போகும் விளையாட்டின் விளம்பரப் படம் ஒட்டியிருந்தது. எரிந்து முடிந்த ஒரு நகரம். கூரையில்லாத வீடுகள், கவிழ்ந்து கிடந்த பஸ், தெருவெல்லாம் சாம்பல். படத்தின் அடியில் இரண்டு கைகள் மட்டும் ஒரு துப்பாக்கியை ஏந்தியிருந்தன. முகம் கிடையாது. யார் நின்று பார்க்கிறார்களோ அவர்களுடைய கைகள்தான் அவை. உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

“யாரையும் சுடாதுடா கண்ணு,” என்றான் அர்ச்சுனன். “தன்னந்தனியா நடக்கணும்லா. பயமா இருக்கும். கையில எதையாச்சும் புடிச்சிக்கிட்டா ஒரு தைரியம்.”

பக்கத்தில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “லாரிக்கார அண்ணே, பேய்க்கு பயந்துகிட்டா துப்பாக்கி தூக்குறீங்க?”

சிரிக்காதவள் அகதா ஒருத்திதான். டோக்கன் விற்கும் கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூண்டு என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. மேலும் கீழும் இரும்புக் கம்பி, கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம், வெளிப்பக்கம் பூட்டு. முன்பு ஒருமுறை கடைக்குள் புகுந்த திருடர்கள் கடை முதலாளி தவுக்கேயின் மணிக்கட்டில் கத்தியால் கீறிவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து அவர் யாரையும் நம்புவதில்லை. காலையில் அகதா உள்ளே போனதும் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். சாப்பாட்டு நேரத்தில் திறப்பார். நடுவில் அவர் காப்பிக்கடைக்குப் போய்விட்டால் கழிப்பறைக்குக்கூட அவள் காத்திருக்க வேண்டும். அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தாள். தவுக்கே கெட்டவர் அல்ல. சுங்கை சிப்புட் தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழை நம்மைப்போலவே பேசுவார். மழை நாளில் அவளுக்கும் சேர்த்து சூடாக பாவ் ரொட்டி வாங்கி வருவார். அதைக் கம்பி வழியாக நீட்டுவார், அவ்வளவுதான்.

அகதாவின் நாளில் இருந்தவை இவைதான்: குனோங் ராபாட்டில் மூன்று குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு வீட்டின் பின்னறை, அங்கிருந்து நெரிசலான பஸ், பஸ்ஸிலிருந்து கூண்டு, கூண்டிலிருந்து மறுபடியும் பஸ். அப்பா வேலை பார்த்த தோட்டத்தை முதலாளிகள் விற்றுத் துண்டு போட்ட பிறகு அவருக்கு வேறு வேலை அமையவில்லை. அவள் சம்பளம்தான் அடுப்பை எரித்தது. கடையில் இருந்த விளையாட்டுகளிலெல்லாம் ஒரு கப்பல் திரையின் அடியில் இடமும் வலமும் போய்வரும். அதைத் தாண்டி அதற்கு இடமில்லை. அந்தக் கப்பல்களைப் பார்த்தால் அகதாவுக்கு மூச்சு முட்டும். விளம்பரப் படத்தில் இருந்த புதிய இயந்திரமோ அப்படியில்லை என்று பினாங்கிலிருந்து வரும் மெக்கானிக் சொல்லியிருந்தான். காலால் மிதித்தால் நடக்கலாமாம். கைப்பிடியைத் திருப்பினால் தெரு திரும்புமாம். ஒரு தெரு முடிந்தால் இன்னொன்று.

அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கும் அந்த இயந்திரத்தின்மேல் ஆசை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் செத்துப்போன ஊரில் நடக்க ஆசைப்படுவது பாவமா என்று ஜெபமாலையின் நடுவே மாதாவிடம் மட்டும் கேட்டாள். ‘யாரும் சாக வேண்டாம் தாயே. நான் கொஞ்சம் நடந்தால் போதும்.’

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்து ஆட வேண்டியவன் தன் டோக்கனை இயந்திரத்தின் கண்ணாடி விளிம்பில் வைத்துவிடுவான். அதுதான் அவன் முறை. வைத்தவன் வெளியே போய் மீ கோரெங் தின்றுவிட்டு வந்தாலும் யாரும் தொடமாட்டார்கள். புதிய இயந்திரத்துக்கு, அது வருவதற்கு முன்பே வரிசை தொடங்கிவிட்டது. விளம்பரப் படத்தின் கீழிருந்த மரச்சட்டத்தில் ஆளாளுக்கு ஆணியால் அடையாளம் கீறி டோக்கன்களை வைத்திருந்தார்கள். முதலாவது அர்ச்சுனனுடையது. காய்கறி லாரியில் மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான் அவன். வாரம் முழுக்கத் தெலுக் இந்தானுக்கும் ஈப்போவுக்கும் அலைந்துவிட்டு வந்து, அந்த டோக்கன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவான்.

ஒரு பிற்பகல், பின்சுவர் ஓரமாக ஓடிய மின்கம்பி கருகிப் புகைந்தது. வெளிச்சம் போனது. புகை கூரையைத் தொட்டுக் கீழே இறங்கியது. “தீ! தீ!” என்று யாரோ கத்த, எல்லாரும் ஓடினார்கள். ஓடியவர்கள் நேராக வாசலுக்கு ஓடவில்லை. மரச்சட்டத்துக்கு ஓடினார்கள். முண்டியடித்து, இருட்டில் தடவி, தங்கள் முறையைப் பொறுக்கிக்கொண்டு பிறகுதான் வெளியே பாய்ந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அகதா கூப்பிட்டாள். தவுக்கே காப்பிக்கடையில் இருந்தார். சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அன்று கடையில் இருந்த அர்ச்சுனன் மரச்சட்டத்தின் பக்கம் போகவே இல்லை. லாரிக்கு ஓடி, ஜாக்கியின் இரும்புத் தண்டோடு திரும்பி வந்தான்.

“பின்னால தள்ளி நில்லு தங்கச்சி. மொகத்த மூடிக்க.”

மூன்றே அடி. பூட்டு தெறித்தது. அவளை வெளியே இழுத்துப்போட்டுவிட்டு, அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினான்.

தீ பெரிதாகவில்லை. சுவர் ஒன்று கருத்ததோடு சரி. தவுக்கே ஓடி வந்தார், அவளைப் பார்த்தார், கண் கலங்கினார். பிறகு தரையில் கிடந்த பூட்டைக் கையில் எடுத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“மூணு அடியில ஒடச்சானா?”

“என்னைக் காப்பாத்தத்தான் தவுக்கே.”

“அது சரிதான் புள்ள. ஆனா மூணு அடியில என் பூட்ட ஒடைக்கத் தெரிஞ்சவன் என் கடைக்குள்ள எதுக்குலா?”

அர்ச்சுனனை உள்ளே விடச் சொல்லி அகதா எவ்வளவு மன்றாடியும் அவர் கேட்கவில்லை. பயந்தவனிடம் நியாயம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடை மறுபடியும் திறந்தபோது கூண்டில் முன்னதைவிடப் பெரிய பூட்டு தொங்கியது. மரச்சட்டத்தில் வரிசை புதிதாக அமைந்தது. அர்ச்சுனனின் டோக்கனைக் கூட்டத்தில் யார் எடுத்தார்களோ, அதைக் காணவில்லை. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்ச்சாரியில் தே தாரிக் கிளாசோடு நின்று கடையைப் பார்ப்பான். அகதா பார்ப்பது தெரிந்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான்.

ஏப்ரலில், செங் பெங் நாளுக்கு முந்தின மாலை இயந்திரம் வந்து இறங்கியது. மறுநாள் தவுக்கே குடும்பத்தோடு முன்னோர் கல்லறைகளைச் சுத்தம் செய்துவிட்டுப் பிற்பகல்தான் கடை திறப்பார். கடை அடைத்து அவளைக் கூண்டிலிருந்து விடுமுன் பின்கதவுச் சாவியையும் ஒரு டோக்கனையும் கம்பி வழியாக நீட்டினார்.

“காலையில வந்து தூசி தட்டி வை. பொகையில ரொம்ப பயந்துட்ட நீ. அதுக்காக ஒரு ஆட்டம். ஒண்ணே ஒண்ணு. எண்ணி வைக்கிற மீட்டர் அதுக்குள்ள இருக்கு, நான் பாப்பேன். யாருகிட்டயும் சொல்லாத.”

மறுநாள் காலை கடையில் அவள் மட்டும் இருந்தாள். கூண்டின் கதவு அகலத் திறந்து கிடந்தது. சுவிட்சைப் போட்டாள். திரையில் சாம்பல் நிறத் தெரு ஒன்று விரிந்து, தானாகவே நகரத் தொடங்கியது. ஒரு முனையில் திரும்பியது. அங்கே இன்னொரு தெரு, அதற்கப்பால் வெட்டவெளி. மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. மிதிகட்டையில் காலை வைத்தாள். டோக்கன் துவாரத்தின் வாயைத் தொட்டது.

பின்சந்தில் லாரி ஒன்று பெருமூச்சு விட்டு நின்றது. பக்கத்துக் காய்கறி மண்டியில் மூட்டை விழும் சத்தம். நடுவில் இருமல்.

அகதாவின் விரல் டோக்கனை விடவில்லை. இந்த ஆட்டம் தனக்கு ஏன் கிடைத்தது என்று யோசித்தாள். பிறகு மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள்.

“அர்ச்சுனண்ணே, செத்த இங்க வாங்க.”

அவன் தோளில் கோணியோடு திரும்பினான். “என்னா தங்கச்சி? தவுக்கே பாத்தா உன் வேல போயிரும்லா.”

“கல்லறைக்குப் போயிருக்காரு. மிசின் வந்துருச்சு. ஒரு ஆட்டம் மிச்சம் இருக்கு.”

அவன் கோணியை இறக்கினான். இருமி இருமிச் சுண்ணாம்புபோல் வெளுத்திருந்த முகத்தைத் துண்டால் துடைத்தான். “நீ ஆடிட்டியா?”

“ஆடிட்டேண்ணே. எனக்கு அதெல்லாம் சரிப்படல. தல சுத்துது.”

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்வதற்கு ஒரு பொய் சேர்ந்தது. அவள் உள்ளங்கையில் சூடேறியிருந்த டோக்கனை அவன் வாங்கிக்கொண்டான். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, கோவிலுக்குள் போகிறவனைப்போல உள்ளே போனான்.

அகதா கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றாள். உள்ளே இயந்திரம் டோக்கனை விழுங்கும் சத்தம் கேட்டது. சந்தில் யாரும் இல்லை. மண்டிக்காரர்கள் முன்பக்கம் போயிருந்தார்கள். ஈரச் சாக்கடை, கவிழ்த்து வைத்த கூடைகள், கொடியில் காயும் நீலச் சட்டை. சந்து எங்கே போய் முடிகிறது என்று இந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குத் தெரியாது. மெல்ல நடந்தாள். முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தாள். முனையில் சந்து இடப்பக்கம் திரும்பியது. சுவர்கள் முடிந்த இடத்தில், காலை வெயில் பட்டு, சுண்ணாம்புக் குன்று ஒன்று வெள்ளையாக எழுந்து நின்றது. அதன் அடிவாரத்தை நோக்கி ஒரு மண்பாதை போனது. அகதா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் காலை வைத்தாள்.