வயிறுன்னே போடுங்க

"வயிறுன்னே போடுங்க. 'வயிற்றுக் கோளாறால் காலமானார்'. ஆமா, அவ்வளவு போதும்." அண்ணன் போனில் பத்திரிகை அலுவலகத்துக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தான். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த தங்கையின் கை நின்றது.

மனதுக்குள் அவள் அவனுக்கு வைத்திருந்த பெயர் மானஸ்தன்.

பெயர் வைத்த நாள் போன வருடம் ஆறாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பாவின் மலக்குடலில் இருந்த கட்டி புற்றுதான் என்று முடிவு வந்திருந்தது. டாக்டரம்மா ஒரு தாளில் குடலின் சுவரை அடுக்கடுக்காக வரைந்தார்.

"விரல் அளவு கருவிய ஆசனவாய் வழியா விட்டு அல்ட்ராசவுண்ட் எடுப்போம். கட்டி எத்தனை அடுக்கு தாண்டியிருக்குன்னு தெரியும். அத வெச்சுத்தான் எவ்வளவு வெட்டணும், முன்னாடியே கதிர்வீச்சு குடுக்கணுமான்னு முடிவு பண்ண முடியும்."

நாற்பது வருடம் கொத்தனாராக இருந்த அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. "சரிதாம்மா. ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு தட்டிப் பாக்காம சுவத்துல கைவெக்கிறவன் என்ன கொத்தனாரு?"

டாக்டரம்மா சிரித்தார். மானஸ்தன் எழுந்துவிட்டான். "எங்கப்பா மானம் மரியாதையா வாழ்ந்த மனுஷன். ஒரு பொம்பள முன்னாடி துணிய அவுத்துட்டுப் படுக்கணுமா?"

அந்த மனுஷனை அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகன் வீட்டில் சாப்பிடுகிற மனுஷனும் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த ஸ்கேன் சீட்டைத் தங்கைதான் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

ஸ்கேன் எடுக்கவேயில்லை. அதன் பிறகு பதினாலு மாதம் மூலப்பொடி. உட்கார முடியாமல் போனபோது நடுவில் ஓட்டை வைத்த ஒரு காற்று மெத்தை வாங்கினார்கள். அது ஓட்டையானபோது சைக்கிள் ட்யூப்பை வெட்டி அப்பாவே ஒட்டுப் போட்டார். கடைசியாகப் போனபோது டாக்டரம்மா படம் எதுவும் வரையவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களும் கெட்டிக்காரர்கள்தான். "வயிறாமே?" என்று கேட்டுவிட்டு, தங்களுக்கு வயிறே இல்லாத மாதிரி உச்சுக்கொட்டினார்கள்.

பதினோரு மணிக்கு மானஸ்தன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டான்.

"அப்பாவோட அந்த மெத்தை எங்க?"

"எதுக்கு?"

"காலையிலேருந்து உக்காந்தே இருக்கேன்ல."

"எங்க உக்காந்த? நின்னுட்டேதான இருக்க."

அவன் கதவைப் பார்த்தான். "ரெண்டு மாசமா எனக்கும்... வயிறு சரியில்ல."

"வயிறா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரத்தம் போகுதாண்ணா?"

"மெதுவா பேசுடி! ஆளுங்க இருக்காங்க."

அவள் கைப்பையைத் திறந்து, மடிப்பில் பழுத்துப்போயிருந்த சீட்டை எடுத்து அவன் கையில் வைத்தாள். "டாக்டர் நம்பர் இதுல இருக்கு. நாளைக்கே போ. சொல்ல வெக்கமா இருந்தா இதக் காட்டு. இந்தத் தடவை நான் வாய மூடிட்டு இருக்க மாட்டேன்."

அவன் படிக்கவில்லை. நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். அவள் எடுத்துக்கொடுத்த மெத்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய், இரும்பு நாற்காலியில் போட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முகம் தெளிந்தது.

அப்பாவோடு சாரம் ஏறிய பழைய கொத்தனார் ஒருவர் குனிந்து கேட்டார். "கல்லு மாதிரி இருந்த ஆளாச்சே. என்னதான்பா அவருக்கு?"

கூடம் முழுக்க அவனைப் பார்த்தது. தங்கை சமையலறை வாசலில் நின்று அவன் வாயையே பார்த்தாள்.

"வயிறுதான் மாமா."

மெத்தையில் அப்பா போட்ட ஒட்டு ஒரு ஓரத்தில் பிரிந்தது. காற்று சன்னமாகச் சீறியது. யாரும் சிரிக்கவில்லை. மானஸ்தன் முதுகை நிமிர்த்தியபடியே, இரும்பு தட்டும்வரை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தான்.