நிற்காத நாற்பத்து மூன்று

வண்டியிலிருந்து கழற்றி மரப்பலகை மேல் இறக்கிவைத்த இஞ்சின் தானாக ஓடத் தொடங்கியது, 2012 ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. அதற்குள் பெட்ரோல் குழாயை அறுத்தாகிவிட்டது, பேட்டரியைக் கழற்றி மூலையில் வைத்தாகிவிட்டது, எண்ணெயைக் கூட வாளியில் வடித்தாகிவிட்டது. கழற்றிய வெல்டா பிரூயிட் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்துவிட்டு, குளிருக்குக் கையை அதன் மேல் காட்டிக்கொண்டாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டு லெமுவல் டக்கெட் காபிக் கோப்பையோடு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரும்பின் பக்கவாட்டில் வார்ப்போடு வார்ப்பாகப் பதிந்திருந்த தேதியைப் படித்தார். 1966 நவம்பர் ஒன்பது, இரண்டாவது ஷிப்ட். "அட, இது நம்ம கை பட்டது. அன்னிக்கு எனக்குக் கொல்லுற பல்வலி" என்றார். காபி ஆறாமலிருக்கக் கோப்பையை அதன் மேலேயே வைத்துவிட்டு ஆலைக் கதை பேச ஆரம்பித்தார். அன்று மதியம் வரை வேறொன்றும் நடக்கவில்லை.

இந்தியானாவில் எங்கள் டன்லீ ஊர் அறுபது வருடம் இஞ்சின் செய்த ஊர். எந்தக் கம்பெனிக்கு என்று எழுதப்போவதில்லை. அவர்கள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள், நாங்களும் அப்படியே. 2007இல் ஆலையை மூடி, மறு வருடம் இடித்து, இடித்த இடத்தில் புல்லைப் போட்டார்கள். பத்தொன்பது வருடம் அங்கே வேலை பார்த்த வெல்டாவுக்கு வேறு பிழைப்பு வேண்டியிருந்தது. வாலில் இறக்கை முளைத்த வண்டிகள், படகு நீளத்து வண்டிகள், சோளக்களஞ்சியங்களில் கோழி அடைந்து கிடந்த வண்டிகள் எல்லாவற்றையும் வாங்கி வந்தாள். மேலே தகரமும் குரோமும் பழையபடியே மின்னும். உள்ளே புது இஞ்சின், புது கியர்பாக்ஸ், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், ஜில்லென்ற ஏசி, போனிலிருந்து பாட்டு கேட்கிற ரேடியோ. "பழைய முகம், புது முதுகெலும்பு" என்று விளம்பரப் பலகை எழுதி வைத்தாள். அரிசோனாவுக்குக் குடிபோகும் பல் டாக்டர்களும், பென்ஷன் வாங்கும் பைலட்டுகளும் வந்து நாற்பதாயிரம், அறுபதாயிரம் டாலர் கொடுத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டியோடு எண் பொருந்தும் அசல் இஞ்சின் இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்று சாதிக்கும் பக்தர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அவர்களுக்குப் பயந்து, கழற்றிய அசலையும் வண்டியோடு சேர்த்தே தருவது வழக்கம். வாங்குகிறவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டுவார்கள், எடுத்துப்போக மறந்துவிடுவார்கள். இப்படியாக வெல்டாவின் முற்றம் நிறைந்தது.

வேறு ஊர்களில் செய்த இஞ்சின்கள் கழற்றியதும் நல்ல பிள்ளையாகச் செத்துக் கிடந்தன. டன்லீயில் செய்தவை மட்டும் நிற்கவில்லை. ஏழு வருடத்தில் நாற்பத்து மூன்று சேர்ந்தன. சொட்டு பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது. சூடும் முனகலும் மட்டும். அந்த முற்றத்தில் பனி தங்கியதில்லை. ஜனவரியிலும் புல் பச்சையாக இருந்தது, தெருப் பூனைகள் அங்கேயே குட்டி போட்டன, அக்கம்பக்கத்தார் குழந்தைகளின் காலுறைகளைக் கொண்டுவந்து உலர்த்தினார்கள். பிற்பகல் இரண்டரை மணிக்கு, பழைய ஷிப்ட் மாறும் நேரத்தில், நாற்பத்து மூன்றும் ஒருசேரச் சுருதி இறங்கி, பத்து நிமிடம் கழித்து ஏறும். ஒரே ஒரு பல் டாக்டர் தன் அசலை மறக்காமல் அரிசோனாவுக்குக் கொண்டுபோனார். அங்கேயும் அது ஓடியது. ஏற்கெனவே ஊரே வெந்துகொண்டிருக்கிறது, வீட்டுக்குள் இது வேறா என்று அவர் மனைவி கேட்டதில், லாரி வாடகையும் கொடுத்து மூன்றாவது வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்.

2019இல் நகரசபைக்கு ஊரை அழகுபடுத்தும் ஆசை வந்தது. சபைத் தலைவர் கிரெக் ஸ்டாம்பர் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், கெட்டவர் இல்லை, ஆனால் எதைப் பார்த்தாலும் அது எப்போது விழும் என்று யோசிக்கிறவர். ஓடாத வண்டியையும் ஓடாத உதிரிப் பாகத்தையும் வீட்டு முற்றத்தில் முப்பது நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எங்கள் ஊரில் ஒரு பழைய சட்டம் உண்டு. அதன்படி வெல்டாவுக்கு நோட்டீஸ் போனது. அவள் அதன் பின்பக்கத்தில் "வந்து பாருங்கள், ஓடுகிறது" என்று எழுதித் திருப்பியனுப்பினாள். சபை கூடி, உறுமுகிற எதையும் ஊர் எல்லைக்குள் அசையாமல் நிறுத்தி வைத்திருக்கக் கூடாது, மீறினால் முப்பது நாளில் அப்புறப்படுத்தி உரிமையாளரின் தொழில் அனுமதியை ரத்து செய்யலாம் என்று புதுச் சட்டம் ஒன்றை முன்மொழிந்தது. உலகத்தில் அந்தச் சட்டம் பொருந்தும் ஆள் அன்றைக்கு ஒருத்திதான் இருந்தாள்.

விசாரணைக்கு இருநூறு பேர் வந்திருந்தோம். ரொட்டிக்கு வெளியே நாலு விரல் நீட்டிக்கொண்டிருக்கும் பன்றிக்கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தவர்களும் உண்டு. பேச ஆளுக்கு மூன்று நிமிடம். முதலில் கிரெக் பேசினார், நிஜமான வருத்தத்தோடுதான் பேசினார்.

"வெல்டா, நான் ஒண்ணும் உனக்கு எதிரி இல்ல. ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு பிடி மணல், அவ்வளவுதான், இஞ்சின் நின்னுடும். நின்னுட்டா நீ பாட்டுக்கு வண்டி வித்துக்கோ, உன் இடத்துல ஒருத்தனும் கை வைக்க மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு."

வெல்டா எழுந்தாள். அவள் இவ்வளவு பேசி நாங்கள் கேட்டதில்லை.

"மணல் போட எனக்குத் தெரியாதா கிரெக்? ஆலையில கடைசி நாள், லைனை நிறுத்துற சிவப்பு பட்டனை யார் அமுக்கினாங்கன்னு இங்க எத்தனை பேருக்குத் தெரியும்? நான்தான். ஒரு பட்டன்தானே, அமுக்கிட்டு வீட்டுக்குப் போன்னான் மேனேஜர். நானும் அமுக்கிட்டேன். மூவாயிரம் பேர் என் விரலையே பார்த்துட்டு நின்னாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. பன்னெண்டு வருஷமா வெக்கமா இருக்கு. இனிமே யார் சொன்னாலும், ஓடுற ஒண்ணை நான் நிறுத்த மாட்டேன். இடத்தை எடுத்துக்கிறீங்களா, எடுத்துக்கோங்க. போய்யா!"

மணி அடித்தது. இன்னும் நாற்பது நொடி பாக்கி இருந்ததாகப் பின்வரிசையில் சண்டை எழுந்தது. ஐந்துக்கு பூஜ்யம் என்று சட்டம் செல்லுபடியானது.

பழைய இரும்பு வாங்கும் லாரிகள் ஆகஸ்டில் வந்தன. ஆலையில் வேலை பார்த்தவர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்து வேலியோரம் உட்கார்ந்தார்கள். யாரும் லாரிக்குக் குறுக்கே படுக்கவில்லை. கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்க, வெல்டா அதன் தேதியை உரக்கப் படித்தாள். அந்த நாளில் அந்த ஷிப்டில் இருந்தவர் எழுந்து "இருக்கேன்" என்றார். சிலர் ஊன்றுகோலோடு எழ நேரமானதால் கிரேன்காரர் காத்திருந்தார். 1957இல் செய்த மூன்றுக்கு ஆள் மிச்சமில்லை. அவற்றுக்கு வேலியோரம் மொத்தமும் எழுந்து நின்றது. இஞ்சின்கள் லாரியிலும் ஓடிக்கொண்டேதான் போயின. நெடுஞ்சாலை திரும்பும் வரை கேட்டது. அன்று வெல்டா அழுதாள், மறைத்துக்கொள்ளவும் இல்லை. முற்றத்தில் முதல் தடவையாக அந்த நவம்பரில் பனி விழுந்து தங்கியது. அதற்குள் அவள் ஊர் எல்லைப் பலகைக்கு அந்தப்பக்கம், சரியாக இருபதடி தள்ளி ஒரு சோளக்களஞ்சியத்தை வாடகைக்குப் பிடித்து, விளம்பரப் பலகையை ஊரைப் பார்த்தாற்போல் நட்டிருந்தாள். தொழில் முன்பைவிட மந்தம்தான். பகலில் பாதி நேரம் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மணலைப் போட்டிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அழகுபடுத்தும் பணம் வந்து சேர்ந்தது. யார் மலிவாகத் தருகிறார்களோ அவர்களிடம் வாங்குவது என்ற நல்ல வழக்கப்படி, பக்கத்து மாநில வார்ப்பாலை ஒன்றிலிருந்து பாதாளச் சாக்கடை மூடிகள் இருநூற்றுப் பன்னிரண்டும், பழங்காலப் பாணி விளக்குக் கம்பங்கள் அறுபத்து நான்கும், சபை மண்டபத்துக்குப் பூவேலை செய்த இரும்புத் தடுப்பு ஒன்றும் வந்தன. பொருத்திய அன்று மாலைக்குள் எல்லாம் உறுமத் தொடங்கிவிட்டன. மூடிகளைச் சுற்றிப் பனி உருகியது. விளக்குக் கம்பத்தில் சாய்ந்தவர்களுக்கு முதுகுவலி குறைந்தது. வார்ப்பாலைக்கு எழுதிக் கேட்டதற்கு, இரும்பு முதல் தரம், பழைய இஞ்சின்களை உருக்கியது, புகார் சொல்ல எதுவுமில்லை என்று பதில் வந்தது. இரண்டரை மணிக்கு ஊர் முழுவதும் சுருதி இறங்கியபோது, லெமுவல் டக்கெட் நடுத்தெருவில் நின்று, போன பஸ்ஸுக்கெல்லாம் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். அவருக்கு அப்போது எழுபத்து நான்கு வயது.

வெல்டா மறுநாளே இருபதடியைக் கடந்து ஊருக்குள் வந்து, நகரசபை அலுவலகத்தில் புகார்த் தாள் வாங்கி நிரப்பினாள். உறுமும் பொருட்களை அசையாமல் நிறுத்தி வைத்திருப்பது குறித்து. உரிமையாளர், டன்லீ நகரசபை. எண்ணிக்கை, இருநூற்று எழுபத்தேழு. புகார் வந்தால் விசாரித்தே ஆக வேண்டும் என்பதும் அவர்கள் போட்ட சட்டம்தான். விசாரணைக்கு முந்நூறு பேர் வந்தோம்.

"அது நின்னுட்டா முதல்ல அழப்போறவளே நீதானே. அப்புறம் எதுக்கு வெல்டா இந்தப் புகாரு?" என்று கிரெக் கேட்டார். இரும்புத் தடுப்பு உறுமியதால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

"உங்க சட்டம் எனக்கு மட்டுமா, உங்களுக்கும் உண்டான்னு பார்க்க வந்தேன். மண்டபத்தைப் பேர்த்துப் போடு. தெருவைத் தோண்டு. உன் அனுமதியை நீயே ரத்து பண்ணிக்கோ. இல்ல, தப்புப் பண்ணிட்டோம்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணு. எனக்கு மூணு நிமிஷம்கூட வேணாம்."

கிரெக்கின் கை இரும்புத் தடுப்பின் மேல் இருந்தது. அது சூடாக இருந்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. பிறகு, தப்புப் பண்ணிவிட்டோம் என்று சொன்னார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று கத்தினார்கள், இன்னொரு தடவை சொன்னார். ஐந்துக்கு பூஜ்யம் என்று சட்டம் ரத்தானது.

"உன் பழைய இடம் காலியாத்தான் கிடக்கு. திரும்பி வந்துடேன்" என்றார் அவளிடம்.

"மாட்டேன். ஊருக்குள்ள ஒரே சத்தம்" என்றாள் வெல்டா, கோட்டை மாட்டிக்கொண்டு.

அவள் போன பிறகு நூலகக் கூரை ஒழுகும் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள்.