எடுத்தது, காரணம், போடுவது

பதினோரு மணிக்கு வகுப்பு. ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்தால் வைஃபையைக் காணவில்லை. நெட் வரவில்லை என்றால் பரவாயில்லை, எங்கள் ஊர் இடைசெவலில் அது வரும், போகும். இங்கே வைஃபை என்கிற அடையாளமே மூலையில் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பூகோள உருண்டை உட்கார்ந்திருந்தது. என் போனில் பார்த்தேன், வைஃபை ஜோராக வந்துகொண்டிருந்தது. ஆக, கோளாறு லைனில் இல்லை, இந்தச் சனியனில்தான்.

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். மூடியைப் படக்கென்று சாத்தித் திறந்தேன். இரண்டு தடவை. அப்போதும் இல்லை.

அந்த வகுப்பு எனக்கு எதற்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் கணக்கு நடத்தியவள் நான். பிள்ளைகள் குறைந்து பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரியை வேறு யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் 'டீச்சர், இங்கன உக்காருங்க' என்று நகர்ந்து இடம் விட்டவர்கள், இந்த இரண்டு வருடத்தில் 'ஜான்பீட்டர் சம்சாரம்' என்று சொல்லப் பழகிவிட்டார்கள். நான் ஜான்பீட்டர் சம்சாரம்தான், அதில் பொய் ஒன்றுமில்லை. இருந்தாலும் வலித்தது.

அப்போதுதான் ஆன்லைனில் பாடம் நடத்துகிற ஒரு கம்பெனி மாதிரி வகுப்புக்கு நாள் குறித்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணி, ஏழாம் வகுப்புப் பின்னம், நாற்பது நிமிடம். போனில் எடுக்கக் கூடாது, லேப்டாப்பில்தான் வர வேண்டும். வராவிட்டால் ஒரு வருடத்துக்கு மறுபடியும் கேட்க முடியாது. கடிதப் போக்குவரத்தெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டதால், லேப்டாப்பில் நெட் வருகிறதா என்று நான் பார்க்கவே இல்லை. பாடத்தை மட்டும் அதில் தயார் செய்து வைத்திருந்தேன். முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த லேப்டாப் மகள் சபிதாவின் காலேஜுக்கு வாங்கியது. அவள் சென்னைக்கு வேலைக்குப் போனபின் அது என் வீட்டுக்காரருடையதாகிவிட்டது. இவர் தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்கிற தொழிற்சாலையில் மெஷின் பிட்டர். சாயங்காலம் வந்து குளித்தால் நெட்டில் பழைய ஹாக்கி ஆட்டங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கோவில்பட்டி மண்ணில் மட்டை பிடித்தவருக்கு அது ஒரு பைத்தியம். இவரிடம் கேட்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கோவில்பட்டியில் லேப்டாப் பழுது பார்க்கிற அருண்பாண்டியனைக் கூப்பிட்டேன்.

"பதறாதீங்கக்கா. ஸ்டார்ட்டுல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜர் போங்க. நெட்வொர்க் அடாப்டர்னு இருக்கா?"

"இருக்கு."

"அதைத் தொறந்தா வயர்லெஸ்னு ஒரு வரி இருக்கணும்."

"என்னமோ மினிபோர்ட், மினிபோர்ட்னு ஒரு கூட்டமே நிக்குது. வயர்லெஸ்ஸ மட்டும் காணல."

"மேல வியூன்னு இருக்கும். மறைஞ்சிருக்கிறதைக் காட்டச் சொல்லி ஒண்ணு இருக்கும், அதைத் தட்டுங்க."

தட்டினேன். வயர்லெஸ் என்று ஒரு வரி வந்தது, ஆனால் வெளுத்துப்போய் வந்தது. அவனிடம் சொன்னேன்.

"வெளுத்திருந்தா, முன்ன இருந்துச்சு, இப்ப இல்லன்னு அர்த்தம். சில நேரம் கார்டு மயங்கிக் கெடக்கும்க்கா. ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனை ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிங்க."

மூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னால் ஒரு நிமிடம். அமுக்கிக்கொண்டே சொன்னேன். மறுபடி போட்டேன். அதே உருண்டைதான் வந்தது. போனிலிருந்து ஒயர் போட்டு நெட்டை இழுக்கலாம் என்றான். அந்த ஒயர் இவர் கயத்தாற்றில் லாரிகள் நிற்கிற இடத்தில் வாங்கிவந்தது, சார்ஜ் மட்டும்தான் ஏறும். லேப்டாப்பில் வெளியே குத்துகிற வைஃபை குச்சி கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்த ஒன்றை நேற்றுத்தான் விற்றானாம்.

எனக்குக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. கிடைத்தவன் அவன்தான்.

"ஏலே, தை மாசம் பேன்ல கரிசத்தூசி அடைச்சிருக்குன்னு நீதான தொறந்த? அன்னைக்கு எதைக் கழட்டுன, எதை மாட்டுன, எதைக் கையோட கொண்டு போனன்னு யாரு கண்டா?"

"நான் எடுக்கலக்கா. கடையைச் சாத்திட்டு வாரேன்" என்றான்.

பத்தே காலுக்கு பைக்கில் வந்து இறங்கினான். தண்ணீர் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தான், குடிக்கவில்லை. லேப்டாப்பைக் கவிழ்த்து, அடிப்பலகையைக் கழற்றி, என் பக்கம் திருப்பினான்.

"இங்கன வந்து பாருங்கக்கா."

கார்டு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. கழற்றிய திருகாணியை அதே துளையில் திரும்ப முறுக்கி வைத்திருந்தார்கள். கார்டில் சேர வேண்டிய இரண்டு மெல்லிய ஒயர்களின் முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, பிரிக்க வசதியாக நுனியை மட்டும் மடித்து விட்டிருந்தார்கள்.

"கடையில நான் செவப்பு டேப்பே வச்சிருக்கறதில்ல" என்றான்.

அவன் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நுனி மடித்த சிவப்பு டேப் என் வீட்டு அயர்ன் பாக்ஸில் இருக்கிறது, மிக்ஸி ஒயரில் இருக்கிறது, மாதா படத்துச் சீரியல் லைட்டிலும் இருக்கிறது. இருபத்தைந்து வருடமாக நான் பார்த்துவருகிற கை அது. எனக்குக் காது சுட்டது.

இவர்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். ஒரு மெஷின் ஓடக் கூடாது என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு வர மாட்டார்கள். யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள் என்று பியூஸைக் கழற்றிக் காலித் தீப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். பெட்டியின் மேல் மூன்று வரி எழுத வேண்டும். எடுத்தது எப்போது, காரணம் என்ன, போடுவது எப்போது. திரும்பப் போட்டவர் தன் பெயரையும் வேலையையும் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். 'ராமசுப்பு, எலக்ட்ரீசியன்' என்று எழுதிய பெட்டிகள் இவர் சட்டைப் பையில் வர, தெரியாமல் சட்டையோடு நான் துவைக்கப் போட்டிருக்கிறேன். போன கோடையில் நான் தண்ணீர் மோட்டாரை அவசரப்பட்டுப் போட்டு எரித்ததிலிருந்து வீட்டு மோட்டாருக்கும் அதே கதிதான்.

"தீப்பெட்டியத் தேடு தம்பி" என்றேன். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு வீட்டில் தீப்பெட்டி தேடுவது லேசுப்பட்ட வேலையா? அடுப்பு மேடையில் நாலு, அலமாரியில் ஒரு பண்டல், இவர் டூல்ஸ் பையில் ஏழெட்டு. ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினோம். எல்லாம் குச்சி. மணி பத்து இருபத்தைந்து ஆனது.

"அண்ணாச்சி ரொம்ப முக்கியமான சாமானை எங்கன வைப்பாவ?" என்று அருண்பாண்டியன் கேட்டான்.

நான் சுவரில் இருந்த ஜெபப் பீடத்தை அண்ணாந்து பார்த்தேன். திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன். ஒரு தீப்பெட்டி. குலுக்கினால் சத்தம் வரவில்லை. உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு விரல் அகலத்தில் ஒரு பச்சைக் கார்டு. மேலே பென்சிலில் இவர் எழுத்து.

எடுத்தது: சாம்பல் புதன்.
காரணம்: மேரிக்கு வேலை கிடைக்க.
போடுவது: ஈஸ்டர்.

மேரி நான்தான். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் போகிற தவக்காலத்தில் கறியை விடுகிறவர்கள் உண்டு, காப்பியை விடுகிறவர்கள் உண்டு. இவர் ஹாக்கியை விட்டிருக்கிறார். தன் கை சும்மா இருக்காது என்று தெரிந்து, பொருளையே கழற்றிவிட்டார். ஒரு மாதமாகச் சாயங்காலம் சும்மா உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்த்து, கண் வலிக்கிறதாக்கும், நல்லதுக்குத்தான் என்று நினைத்தவள் நான். அழுதேன். கோபமும் கூடவே வந்தது. எனக்காக விட்டதைக் கொண்டே என் வகுப்பைக் கெடுக்கத் தெரிந்தது இவருக்கு.

"அழுறதுக்குச் சாயங்காலம் நேரம் இருக்குக்கா. கார்டைத் தாங்க" என்றான் அருண்பாண்டியன்.

சொருகினான், திருகாணியை முறுக்கினான், டேப்பைப் பிரித்து இரண்டு ஒயரையும் நகத்தால் அமுக்கினான். மடித்த நுனி இருந்ததால் டேப் ஒரே இழுப்பில் வந்தது. பத்து நாற்பதுக்கு மூலையில் வைஃபை அடையாளம் வந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான். வெளுத்திருந்த வரி கருகருவென்று நின்றது.

"தம்பி, எனக்கு வாய் நீளம். ஒன்னைக் களவாணிங்கிற மாதிரி பேசிட்டேன். தப்புதான், மனசுல வச்சுக்கிடாத."

அவன் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான். "காப்பி போட்டாலும் குடிப்பேன்" என்றான்.

"வகுப்பு முடியட்டும். தோசையே சுடுதேன்."

வகுப்பு நன்றாகவே போனது. நாலு பிள்ளைகள், கவனிக்க கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள். கைக்கு எட்டியது தீப்பெட்டிதான். நாற்பது குச்சியில் நாலில் ஒரு பங்கு எரிந்தால் மிச்சம் எத்தனை என்று ஆரம்பித்து, பின்னத்தின் வகுத்தல் வரைக்கும் கொண்டுபோய்விட்டேன். ஒரு பையன் மட்டும் மிச்சக் குச்சியை விட்டுவிட்டு எரிந்த குச்சியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான். அப்படி ஒருத்தன் இல்லாமல் எனக்கு வகுப்பு நடந்ததே இல்லை. முடிந்ததும் அந்த அம்மாள், திங்கட்கிழமை சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டார். சேர்கிறேன் என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் இவர் வந்தார். தீப்பெட்டியைச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்திருந்தேன். பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஒரு வார்த்தை கேக்காம கழட்டுவீங்களா? காலைல எம் உசுரு போயி உசுரு வந்துச்சு. அந்தப் பையனை வேற களவாணியாக்கிட்டேன்."

"நீ எல்லாத்தையும் போன்லதான பாத்துக்கிட்டிருந்த. லேப்டாப்பு எனக்கு மட்டுந்தான்னு நெனைச்சேன்." குரல் இறங்கியிருந்தது. "நேர்ச்சையை வெளிய சொல்லக் கூடாதுல்லா."

"நல்ல நேர்ச்சை."

"வகுப்பு என்னாச்சு மேரி?"

"திங்கக்கெழமை வரச் சொல்லிட்டாவ."

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் துடைத்தார், வேர்வை இல்லாத இடத்தையும் சேர்த்து. கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்போ காரணம் முடிஞ்சிருச்சு, என்ன?"

"ஈஸ்டர்னு நீங்கதான எழுதியிருக்கீங்க? இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு. கார்டு உள்ள இருக்கும், நீங்க கையக் கட்டிக்கிட்டு இருங்க."

சிரித்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, தீப்பெட்டியோடு என் பக்கம் நகர்த்தினார்.

"போட்டவங்க கையெழுத்து வேணும்."

"போட்டது அருணு."

"போடச் சொன்னது நீதான? பொறுப்பு ஒன்னோடது. பேரும் வேலையும் எழுதணும், வழக்கம் வழக்கந்தான்."

ஸ்டெல்லாமேரி என்று எழுதினேன். பக்கத்தில் டீச்சர் என்று எழுதினேன். இரண்டு வருடமாக எழுதாத சொல், பென்சில் அழுந்தி அட்டை கொஞ்சம் கிழிந்துவிட்டது. இவர் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வாசித்துப் பார்த்து, படத்துக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தார்.