யூரையா ஷெல்லின் ஓட்டு

கென்டக்கி மலைநாட்டில் அப்போது ஓட்டுச் சீட்டு கிடையாது. கோர்ட்டு ஜன்னலுக்கு வந்து, தன் பெயரையும் தான் ஓட்டுப் போடும் ஆளின் பெயரையும் ஊர் கேட்க உரக்கச் சொல்ல வேண்டும். உள்ளே உட்கார்ந்திருக்கும் வேட்பாளர் எழுந்து, பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். காலையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் வக்கீல் ஆம்புரோஸ் பிக்கெட்டுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று. சட்டசபைக்குப் போயே தீருவது என்று, இருந்த நிலத்தையெல்லாம் விற்று ஊருக்கே விஸ்கி ஊற்றியவர்.

பொழுது சாயும்போது அவருக்கும் எதிர்த்து நின்ற மாவு மில் டாலிக்கும் ஓட்டு சரிசமமாக நின்றது. ஷெரிப் கோல்பி ஜன்னலைச் சாத்தப் போனான்.

"யூரையா ஷெல். பிக்கெட்டுக்கு."

பழக்க தோஷம். பிக்கெட் எழுந்து, "ரொம்ப நன்றி, யூரையா" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பெயர் உறைத்தது.

ஆகஸ்ட் மாத வெக்கையிலும் நின்றவன் காலரை மோவாய் வரை பொத்தான் போட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கட்டியிருந்த குதிரைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கின. குடித்துக் கும்மாளமிட்ட கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. நாலு வருஷத்துக்கு முன், கொலைகாரன் என்று வாதாடி அவனைத் தூக்குக்கு அனுப்பிய அரசு வக்கீல் இந்தப் பிக்கெட்தான்.

"விஸ்கி போதாதுன்னு கூத்தாடியையும் புடிச்சிட்டு வந்தீரா, வக்கீலய்யா?" என்றான் டாலி.

"வேஷம் இல்லய்யா." ஷெரிப் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். "இவன் கழுத்துல முடிச்சுப் போட்டவன் நான். இவனேதான்."

"அப்ப செத்தவன். செல்லாது!"

"இந்தக் கவுண்டி எல்லைக்குள்ள குடியிருக்கணும், அதானே சட்டம்?" என்றான் யூரையா. "நாலு வருஷமா இங்கேயேதான் கெடக்கேன். ஒரு அடி நகரல."

டாலி விடவில்லை.

"கொலைகாரனுக்கு ஓட்டு இல்ல. அதுவும் சட்டந்தான். வக்கீலையே கேளுங்க!"

எல்லோரும் பிக்கெட்டைப் பார்த்தார்கள். யூரையாவும் பார்த்தான்.

அந்த ஓட்டு செல்ல வேண்டுமானால் தீர்ப்பு தப்பு என்று ஆக வேண்டும். தப்பு என்று தெரிந்த உயிர் இப்போது ஒன்றுதான், பிக்கெட். விசாரணையின்போது ஒரு விதவை பிக்கெட்டின் வாசலில் வந்து, கொலை நடந்த ராத்திரி யூரையா அவள் தொழுவத்தில் பசுவுக்குப் பிரசவம் பார்த்தான் என்று சொன்னாள். அவளை விரட்டியடித்தார். அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது சும்மா இருந்தால் மறுபடி தேர்தல். விற்க நிலம் இல்லை.

மனசாட்சி உறுத்தியது என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். ஜெயிக்கிற வெறிதான் அந்த வாயைத் திறந்தது.

"அவன் கொலை செய்யல. எனக்கு அப்பவே தெரியும். சாட்சி சொல்ல வந்தவளை நான்தான் விரட்டினேன். ஓட்டு செல்லும்."

ஷெரிப் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "பிக்கெட் ஜெயிச்சார்" என்றான். கூட்டம் கலைந்தது. டாலி தோற்றவன் மாதிரி போகவில்லை, தப்பித்தவன் மாதிரி போனான்.

யூரையா மட்டும் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னும் என்னடா வேணும்?" பிக்கெட் ஜன்னலைச் சாத்தப் போனார். "அதான் உன் பேரைக் கழுவியாச்சே!"

"அதுக்குப் புண்ணியமாப் போகும். ஆனா இனிமே நீங்க எங்களுக்கும் சட்டசபை மெம்பராச்சுங்களே. குறை சொல்ல ஆளுங்க வந்திருக்காங்க."

அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து வரிசையில் நின்றார்கள். எல்லோரையும் பிக்கெட்டுக்குத் தெரியும். ஒவ்வொருவனையும் கூண்டில் நிறுத்தி, தூக்குக்கு வாதாடியிருக்கிறார்.