அரை கிரெடிட்

திங்கட்கிழமை காலை என் மாணவி யரேலியின் மதிப்பெண் கோப்பினை மூடி வைக்கப் போகும்போதுதான் அதைக் கவனித்தேன். டெக்சாஸில் பத்தாம் வகுப்பில் அவள் படித்த புவியியல், இங்கே கான்சாஸுக்கு மாறி வந்தபோது வேறொரு பெயரில் இன்னொரு வரியாகவும் ஏறியிருந்தது. ஒரே பாடம். நான் அதை இரண்டு தடவை கூட்டியிருந்தேன். பள்ளிப் படிப்பை முடிக்க, தேறிய பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட் மொத்தம் இருபத்துநான்கு வேண்டும். அவளிடம் இருந்தது இருபத்துமூன்றரை.

மறுபடி கூட்டினேன். முதலில் பேனாவால், பிறகு விரல்விட்டு. மாறவில்லை.

தவறவிட்ட பாடங்களைப் பிள்ளைகள் கணினியில் படித்துத் தேறும் அறை என் பொறுப்பு. யரேலி கின்டனீயா நான்கு பள்ளிகள் மாறியதில் பின்தங்கிப் போனவள். ஜனவரியிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்து, போன வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சையிலும் தேறிவிட்டாள். பட்டமளிப்பு விழாவுக்கு அங்கியும் தொப்பியும் வாங்கியாயிற்று. இறைச்சி ஆலையில் வேலை செய்யும் அவள் அப்பா சனிக்கிழமை விழாவுக்கு விடுப்பு எடுத்திருந்தார். மேடை ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியல் வியாழன் மூன்று மணிக்கு அச்சுக்குப் போகும்.

இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"விளையாடாதீங்க மிஸ்டர்."

"விளையாடல. அரை கிரெடிட் குறையுது."

"எண்ணினது யாரு?"

"நான்தான்."

"அஞ்சு தடவை கேட்டேன். 'சரியா இருக்கா, சரியா இருக்கா'ன்னு. அஞ்சு தடவையும் தலையாட்டினீங்க."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை வரவில்லை. கதவு திறந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும், அவள் வேலை பார்க்கும் சலவைக் கடைக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன்.

போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"சுகாதாரப் பாடம் அரை கிரெடிட். ஒன்பது பகுதி," என்றேன். "நாளைக்கு ஆரம்பிச்சா முடிக்கலாம்."

"முடியலைன்னா? எங்கப்பாகிட்ட நீங்க சொல்வீங்களா?"

"சொல்றேன். இப்பவே வேணும்னாலும் வரேன்."

"வேணாம். உங்க ஸ்பானிஷுக்கு அவரு யாரோ செத்துட்டாங்கன்னு நெனைச்சுப்பாரு." இன்னொரு போர்வையை உதறினாள். "வரேன். ஆனா என் பக்கத்துல உக்காராதீங்க. நீங்க பெருமூச்சு விடுறது எனக்குக் கேக்குது."

புதன்கிழமை முதல் ஆளாக வந்தாள். நான் அறையின் மறுகோடியில் உட்கார்ந்தேன். வியாழன் மூன்று மணி அடித்தபோது ஏழாவது பகுதியில் இருந்தாள். மணிச்சத்தம் கேட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் எழுந்து, பட்டியல் தயாராகும் மாணவர் வழிகாட்டி அலுவலகத்துக்கு ஓடினேன்.

அங்கே ஆலோசகர் மிசஸ் உன்ரூ, நான் உறுதி செய்யாததால் யரேலியின் பெயர் இல்லாமலே, அப்போதுதான் பட்டியலை அனுப்பி முடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"டிரைலிங், நீங்க திங்கட்கிழமையே வந்திருக்கணும்."

"தெரியும்."

"எதுக்கு வரல?"

"அவ அதுக்குள்ள முடிச்சிட்டா யாருக்கும் தெரியாமலே போயிடும்னு இருந்தேன்," என்றேன்.

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "தப்பு உங்களதுன்னு எழுதுங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு வார்த்தை விழக் கூடாது. பிரின்சிபால்கிட்ட நான் எடுத்துட்டுப் போறேன். அவ முடிக்கணும், அது முக்கியம்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டே காலுக்கு யரேலி கடைசிப் பரீட்சையை முடித்தாள். எண்பத்துமூன்று. கைதட்ட எனக்குத் துணிவு வரவில்லை. "இப்ப மேடை ஏறலாமா?" என்று கேட்டாள். "தெரியல," என்றேன்.

பிரின்சிபாலிடமிருந்து சனிக்கிழமை காலை பத்தரை வரை ஒரு தகவலும் இல்லை. யரேலி மூன்று தடவை போனில் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் "தெரியல" என்றதும் வைத்துவிட்டாள். பத்தே முக்காலுக்கு மிசஸ் உன்ரூ அழைத்தார். "வரச் சொல்லுங்க. அச்சுல பேரு இருக்காது. கடைசியா கூப்பிடுவாங்க."

உடற்பயிற்சிக் கூடத்தில் ஆங்கில அகர வரிசைப்படி எல்லாரையும் கூப்பிட்டு, கடைசிப் பெயரான சிம்மர்மேனும் போய் வந்த பிறகு, ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து அவள் பெயரை வாசித்தார்கள். தப்பாகத்தான் உச்சரித்தார்கள். கூட்டம் கிளம்ப எழுந்துகொண்டிருந்தது. பின் வரிசையில் அவள் அப்பா நாற்காலிமேல் ஏறி நின்று சரியான உச்சரிப்பில் கத்தினார். எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வெளியே வாகன நிறுத்தத்தில் என்னைக் கடந்து போனபோது நின்றாள்.

"இன்னும் கோபமாத்தான் இருக்கேன் மிஸ்டர்."

"இரும்மா."

"அப்பா உங்களைச் சாப்பிடக் கூப்பிடுறாரு. நான் கூப்பிடல." நடக்கத் தொடங்கினாள். இரண்டு கார் தள்ளிப் போய்த் திரும்பினாள். "வரீங்களா, இல்லையா?"

போனேன்.