இரண்டாவது குமாரசாமி

ஜெயப்ரியாவுக்குத் தன் வேலையில் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்காதா பின்னே! பிள்ளையார்பாளையத்தில் அந்த நெசவாளர் சங்க ஆபீசில் எக்செல்லில் வி-லுக்கப் போடத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இந்த ஷீட்டில் இருக்கிற பெயரை அந்த ஷீட்டில் தேடிப் பிடித்து, அதற்கு நேராக இருக்கிற விவரத்தை இழுத்துக்கொண்டு வந்து போடுகிற வித்தை அது. மற்றவர்கள் ஸ்கேலை வைத்து வரி வரியாக நகர்த்திக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் வேலையை, அவள் டீ ஆறுவதற்குள் முடித்துவிடுவாள். "வாலாஜாபாத்ல இருந்து வந்து எங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவ போலக்குதே!" என்று மேனேஜர் தினகரன் கிண்டல் செய்வார். அவளுக்கு உள்ளூர சந்தோஷம்தான்.

போன வாரம் சங்கத்தில் மருத்துவ முகாம் நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், இசிஜி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து டோக்கன் வரிசைப்படி முடிவுகள் ஒரு ஷீட்டாக வந்தன. சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் இன்னொரு ஷீட். இரண்டையும் பொருத்தி அவரவர் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டியது ஜெயப்ரியாவின் பொறுப்பு. வெறும் பெயரை நம்பக்கூடாது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பெயர், கதவு எண், போன் நம்பர் மூன்றையும் ஒன்றாகக் கோத்துத் தேடவிட்டாள். ஓர் இடத்தில்கூடப் பிழை காட்டவில்லை. அனுப்பிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

பங்குனி உத்திரத்தன்று மத்தியானம் ஆஸ்பத்திரி நர்ஸ் கமலவேணி கூப்பிட்டாள்.

"முகாம்ல பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னவங்கள்ல ஒருத்தர் மட்டும் இன்னும் வரலைங்க. இசிஜி ரொம்ப மோசம். மாடிப்படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. அந்த நம்பருக்கு அடிச்சா யாரும் எடுக்கல. த. குமாரசாமி, வயசு அம்பத்தெட்டு."

ஜெயப்ரியா ஷீட்டைத் திறந்தாள். "அவருக்கு நார்மல்னு போட்டிருக்கே சிஸ்டர்?"

"அதுக்குக் கீழ் வரியைப் பாருங்க."

பார்த்தாள். அதே த. குமாரசாமி. அதே கதவு எண், அதே போன் நம்பர், அதே வயசு. முதல் வரியில் நார்மல். இரண்டாவது வரியில், உடனே இதய மருத்துவரைப் பார்க்கவும். உறுப்பினர் பட்டியலிலும் அதேபோல இரண்டு குமாரசாமிகள். வி-லுக்கப் இருக்கிறதே, அது முதலில் கண்ணில் பட்டவரோடு திருப்தியாகிவிடும். இன்னொருத்தர் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கிற பழக்கமே அதற்குக் கிடையாது. இருவருக்கும் முதல் ஆளின் முடிவையே போட்டு அனுப்பிவிட்டது. ஜெயப்ரியா தினகரனிடம் ஓடினாள்.

தினகரன் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ! அவங்க அண்ணன் தம்பி புள்ளைங்கம்மா. தாத்தா செத்த வருஷம் ரெண்டு மருமகளுக்கும் ஆம்பளப் புள்ளை. தாத்தா பேரை யாரும் உட்டுத்தரல. அப்பாங்க தணிகாசலம், தங்கவேலு. இனிஷியலும் ஒன்னாப்பூடுச்சு. இருக்கிறது ஒரே வீடு, கண்ணாடி குமாரசாமியோட மருமக துர்காதேவி போன்தான் எல்லாருக்கும். தெருவுல பெரிய குமாரசாமி, கண்ணாடி குமாரசாமின்னுதான் கூப்புடுவாங்க. பேப்பர்ல யாரு அப்பிடி எழுதுவாங்க, சொல்லு?"

"இதுல யாருக்கு சார் நெஞ்சு சரியில்ல?"

"யாருக்குத் தெரியும்? ஆனா பெரிய குமாரசாமி இன்னிக்கு சாமி தூக்குறாரும்மா! போன வருஷம் மூச்சு வாங்குதுன்னு வேணாம்னுட்டாங்க. இந்த வருஷம் உன் மெசேஜைக் காட்டிதான் சண்டை போட்டு எடம் வாங்கியிருக்காரு."

அவ்வளவுதான். ஜெயப்ரியா ஸ்கூட்டியை எடுத்தாள். துர்காதேவியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மேளச் சத்தத்தில் எங்கே காதில் விழப்போகிறது! அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தான் செய்த பாவத்தை எங்கே கொண்டு கரைப்பது என்று வழியெல்லாம் அழுகை முட்டியது.

கோயில் வாசலில் அப்போதுதான் பல்லக்கைத் தூக்கியிருந்தார்கள். முன் தண்டில் பெரிய குமாரசாமி. வெற்று மார்பு வேர்வையில் பளபளக்க, முகமெல்லாம் சிரிப்பு. ஜெயப்ரியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிரே போய் நின்றாள்.

"இன்னாமா, சாமிக்குக் குறுக்க வந்து நிக்கிற?"

"ஐயா, நான் அனுப்புன மெசேஜ் தப்புங்க! உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நெஞ்சு ரொம்ப மோசமா இருக்குது. ஷீட்ல முதல் வரி நல்லா இருக்குது. ரெண்டாவது வரிதான்..."

அவர் சிரிப்பு நின்றது. "ரெண்டாவதா? எங்க வீட்ல எப்பவும் எங்க பக்கம்தான் முதல்ல. பத்திரிகைல பேர் போட்டாலும் சரி, கோயில்ல விபூதி குடுத்தாலும் சரி. அப்போ ரெண்டாவது அவன்!" சட்டென்று பின்னால் திரும்பிக் கத்தினார். "ராமராஜா, வந்து தோள் குடுறா!"

ஒரு வருஷம் கெஞ்சி வாங்கிய தண்டை அப்படியே கைமாற்றிவிட்டுக் கிளம்பினார் அந்த மனுஷன். சாமியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடப் பார்த்தவரைப் பிடித்து ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்தாள் ஜெயப்ரியா.

கண்ணாடி குமாரசாமி தறியில் இருந்தார். சாமி வாசலுக்கு வருவதற்குள் ஒரு விரற்கடை நெய்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

"டேய், எழுந்திரு. உனக்கு நெஞ்சு சரியில்லையாம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஜெயப்ரியா இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள்.

"ரெண்டாவது வரிதானாமா? நல்லாப் பாத்தியா?"

"ஆமாங்க ஐயா."

அவர் பெரிய குமாரசாமியை நிமிர்ந்து பார்த்தார். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தார். பிறகு தறியை விட்டு எழுந்து வந்தார்.

"சரி, போலாம். ஆனா தனியாப் போவ எனக்குப் பயமா இருக்குது. நீயும் வா."

"வராம? போயி ஆட்டோ புடிக்கிறேன், இரு."

அவர் வாசலுக்குப் போனதும் கண்ணாடி குமாரசாமி குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு டோக்கன் குடுக்கிறப்போ அவன் டீ குடிக்கப் பூட்டாம்மா. முதல் டோக்கன் என்னுது."

ஜெயப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ! அப்போ அவர்கிட்ட சொல்லிடலாங்க!"

"சொன்னா, ஒன்னும் இல்லன்னுட்டுத் திரும்பப் போயி தண்டுல நிப்பான். எனக்குன்னாதான் வருவான். நீ வாயைத் தொறக்காத."

ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பெரிய குமாரசாமி தம்பியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவருக்கு விசிறினார். "மூச்சை இழுத்து உடு. ஒன்னும் ஆகாது. நான் இருக்கேன் இல்ல?" ஓரமாக உட்கார்ந்திருந்த ஜெயப்ரியாவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. டிரைவரிடம் சீக்கிரம் போங்கண்ணா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கமலவேணி சக்கர நாற்காலியோடு நின்றிருந்தாள். "குமாரசாமி யாரு?"

"இவன்தாம்மா, சீக்கிரம் பாரு" என்று பெரிய குமாரசாமி தம்பியை முன்னால் தள்ளினார்.

கண்ணாடி குமாரசாமி பிடித்த கையை விடவில்லை. அந்தக் கையாலேயே அவரை மெதுவாக இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இவன்தாம்மா" என்றார்.

"டேய், இன்னாடா பண்ற?"

"முகாம்ல நான்தாண்டா முதல்ல போனேன். அந்த ரெண்டாவது வரி உன்னுது."

பெரிய குமாரசாமி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு ஜெயப்ரியாவைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"அப்போ உனக்கு ஒன்னும் இல்லையா?"

"இல்லடா."

"அப்பாடா!" என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார் அவர்.